நடு இலை

உப்பு வந்துவிட்டது. இலையின் இடது ஓரத்தில் ஒரு சிட்டிகை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வைத்த பையன் அவர் முகத்தைப் பார்க்காமலே அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டான். பார்க்கக் கூடாது என்று தாரணி சொல்லி வைத்திருப்பாள். வைத்தியலிங்கம் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். வைத்த கைகள் அங்கே இருக்க மறுத்தன. மேஜை விரிப்பின் ஓரம் சுருட்டிக்கொண்டிருந்ததை வலது கை நீவப் போனது, இடது கை அதைப் பிடித்து மறுபடி மடிக்குக் கொண்டுவந்தது. முதல் பந்தி. பெண் வீட்டார் அழைத்து உட்காரவைத்த முதல் பந்தி. மூன்று நீண்ட வரிசை, அவர் உட்கார்ந்திருப்பது நடு வரிசையில், நடு இலையில், எந்தப் பக்கம் எழுந்து போனாலும் பத்துப் பேருடைய முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும். இதையும் யோசித்துத்தான் தாரணி இந்த நாற்காலியைக் காட்டியிருக்கிறாள். இத்தனை வருஷம் வைத்தி கேட்டரிங் என்று பெயர் போட்டு ஊர் முழுக்கக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் இலை போட்டவர், தன் ஆட்கள் பரிமாறும் பந்தியில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. பக்கத்து இலையில் பெண்ணின் பெரியப்பா வேலாயுதம், மண்ணச்சநல்லூரில் அரிசி மில் வைத்திருப்பவர். "என்ன வைத்தி, இன்னிக்கு விருந்தாளியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். வைத்தியலிங்கமும் சிரித்தார். என்ன சொல்வது. என்னிடம் வேலை பார்க்கும் பெண் என்னை இங்கே கட்டிப்போட்டிருக்கிறாள் என்றா. சும்மா ஒரு மாறுதலுக்கு, அண்ணே, என்றார். பச்சடி வந்தது. பொரியல் வந்தது. கூட்டு விழும்போது கரண்டியின் அடி இலையில் படக் கூடாது, பட்டதா, படவில்லை. படவில்லை என்பதில் ஏன் ஒரு சின்ன ஏமாற்றம். பட்டிருந்தால் என்ன செய்திருப்பாய், வைத்தியலிங்கம். எழுந்திருப்பாயா.

எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் பேச்சு. போன முகூர்த்தத்தில், ஒரு வளைகாப்பில், முகிலன் கையிலிருந்து சாம்பார் வாளியைப் பிடுங்கினார். புதிதாக ஒன்றும் இல்லை, யார் கையிலிருந்தும் பிடுங்குவார், வாளியாவது கரண்டியாவது, கை தானாகப் போய்விடும். பையன் ஒரு இலைக்குச் சாம்பாரைச் சாதத்தின் மேல் ஊற்றாமல் பக்கத்தில் ஊற்றினான், அவ்வளவுதான். இப்படியா ஊத்துவாங்க என்று பிடுங்கி, தானே அந்த வரிசை முழுக்க ஊற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது முகிலன் ஏப்ரனை மடித்துத் தண்ணீர் டிரம்மின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அப்புறம் நாலைந்து பேர். மண்டபத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் சத்தம் போடவில்லை, யாரும் திட்டவில்லை. திட்டினால் திருப்பித் திட்டலாம். ஒவ்வொரு சீசனுக்கும் புதுப் பையன்கள். காலேஜில் படிப்பவன், படித்து முடித்துச் சும்மா இருப்பவன், ரெண்டு மாதம் நிற்பான், பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரி பண்ணப் போய்விடுவான். வெயிலில் அலைந்தாலும் பரவாயில்லை, அங்கே யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை என்று ஒருவன் சொல்லிவிட்டே போனான். கேட்டரிங்காரர்கள் சங்கக் கூட்டத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து இளைஞர்களை எப்படி உற்சாகப்படுத்துவது என்று திரையில் படம் போட்டுப் பேசினார். வைத்தியலிங்கம் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். திரும்பி வந்து சமையல் கொட்டகைச் சுவரில் இந்த மாதச் சிறந்த ஊழியர் என்று போர்டு மாட்டினார். போட்டோ ஒட்டினார். டிபன் கேரியர் பரிசு கொடுத்தார். எல்லோருக்கும் பேர் அச்சடித்த பனியன். பரிசு வாங்கிய பையன் அந்த டிபன் கேரியரை எடுத்துக்கொண்டே வேலையை விட்டு நின்றுவிட்டான். போர்டில் அவன் போட்டோ ரொம்ப நாள் சிரித்துக்கொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவர்களைத் தாரணிதான் போய்ப் பேசிக் கூட்டிவந்தாள். இலை போட வந்தவள், இப்போது ஆள் பிரித்து விடுவது, சாமான் எடுப்பது எல்லாம் அவள். என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் கொட்டகைக்கு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஒரே ஒரு பந்தி, சார். அடுத்த முகூர்த்தத்துல, முத பந்தி. நீங்க இலையில உக்காந்து சாப்பிடணும். மோர் முடியற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சீங்கன்னா நாங்க எல்லாரும் ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டுப் போயிடுவோம். ரெண்டாம் பந்தி நீங்களே தனியா போட்டுக்கலாம்."

"வாயையும் தொறக்கக் கூடாதா?"

"தொறங்க. சாப்பிட."

சாதம் வந்தது. பருப்பு, நெய். நெய்க்காரன் கரண்டியைச் சாய்த்த விதம் நன்றாக இருந்தது, எங்கே கற்றான், நான் சொல்லிக்கொடுக்கவில்லையே, இல்லை சொன்னேனா, கத்தியது ஞாபகம் இருக்கிறது, சொன்னது ஞாபகம் இல்லை. பருப்புச் சாதத்தைப் பிசைந்தார். உட்கார்ந்தவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தால் பெண் வீட்டாருக்கு அவமானம், சாப்பாட்டில் ஏதோ குறை என்று சம்பந்தி வீட்டில் நாலு பேர் பேசுவார்கள், அது ஒரு பக்கம். எழுந்தால் பையன்கள் போய்விடுவார்கள், வெளியே ரெண்டாம் பந்திக்கு நாற்காலி பிடிக்க ஆட்கள் இப்போதே எட்டிப் பார்க்கிறார்கள், பாதிக் கல்யாணத்தில் பரிமாற ஆள் இல்லாமல் நின்றான் வைத்தி என்று அடுத்த தை வரைக்கும் பேசுவார்கள், அது இன்னொரு பக்கம். ஆனால் அதுவா பயம். அது இல்லை. அது வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய பயம். உள்ளே வேறு ஒன்று இருக்கிறது, சாதத்துக்குள் கல் மாதிரி, பல்லில் படும்வரை தெரியாது. சாம்பார் எங்கே. பருப்பு முடிந்து இத்தனை நேரம் ஆகிறதே. அவர் கதவுப் பக்கம் பார்த்தார். கதவுப் பக்கம்தான் சம்பந்திகள், எப்போதும் அங்கிருந்து ஆரம்பித்து ஒரே போக்காகக் கடைசி வரை போவதுதான் அவருடைய முறை, அவருக்கு முன்னால் வேலை செய்தவர்களின் முறையும் அதுதான். சம்பந்திகளுக்குச் சாம்பார் விழுந்துவிட்டது, அதோ பிசைகிறார்கள். ஆனால் வாளி மெதுவாக வருகிறது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் இடது பக்கம் ஓட்டினார். கடைசியிலும் யாரோ பிசைகிறார்கள். கடைசி இலைக்கு எப்படி. அதற்குள் எப்படி. நடுவில் எதுவும் இல்லை. அவருக்கும் இல்லை, வேலாயுதத்துக்கும் இல்லை, எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் இல்லை. அந்த அம்மா வெறும் விரலை இலையில் தட்டிக்கொண்டிருந்தார். நடு வரிசையை மறந்துவிட்டார்கள். இதைத்தான் சொன்னேன், இதற்குத்தான் ஒருத்தன் நின்று பார்க்க வேண்டும் என்கிறேன், முதுகில் வேர்வை இறங்கியது, தொண்டைக்குள் ஒரு சத்தம் தயாரானது, தொடைகள் இறுகி நாற்காலியிலிருந்து உடம்பு ஒரு விரற்கடை எழும்பிவிட்டது. வேலாயுதம் அவர் தொடையில் கை வைத்து அழுத்தினார். எங்க கிளம்பிட்ட, பாயசமே வரல இன்னும், என்றார். அப்போதுதான் வைத்தியலிங்கம் பார்த்தார். வலது பக்கத்திலிருந்து ஒரு வாளி, இடது பக்கத்திலிருந்து ஒரு வாளி. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்து, வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், இலை இலையாக நெருங்கி வந்தன. இரண்டு முனையிலிருந்தும் அனுப்பியிருக்கிறாள். சம்பந்திக்கும் முதலில் போகும், கடைசி இலைக்காரனும் காத்திருக்க வேண்டாம், நடுவில் இருப்பவன்தான் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நடுவில் யாரை உட்காரவைத்திருக்கிறாள். அவருக்குச் சிரிப்பு வந்தது, இருமல் மாதிரி வெளியே வந்தது. இரண்டு பையன்களும் அவருடைய இலைக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஒருவனுக்கு மூக்கின் மேல் வேர்வை. இன்னொருவன், ஜெபராஜ், சிரிப்பை அடக்க முடியாமல், "எந்தச் சாம்பார் சார் வேணும், மேற்கா கிழக்கா?" என்றான். வேலாயுதம் ரெண்டையும் ஊத்து என்றார்.

கிழக்குச் சாம்பாரைப் பிசைந்து வாயில் வைத்ததும் அவர் கை நின்றது. சூடாக இருந்தது. இவ்வளவுதான், சூடாக இருந்தது, ஆனால் தன் சாம்பாரைச் சூடாகச் சாப்பிட்டு எவ்வளவு காலம். எல்லாப் பந்தியும் முடிந்து, பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதைத் தட்டில் கொட்டி, நின்றபடியே, போன் பேசிக்கொண்டே விழுங்கியதுதான் அவர் அறிந்த சாம்பார். ருசி பார்க்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு, அது ருசி இல்லை, பரிசோதனை. இது வேறு. வெல்லம் எங்கோ தூரத்தில் இருக்கிறது, முருங்கைக்காய் பல்லுக்கு அடங்குகிறது, பெருங்காயம் முன்னால் வராமல் பின்னால் நிற்கிறது. இப்படிப்பட்ட சாப்பாட்டையா நாம் போட்டுக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார், நினைத்ததும் மார்பில் ஏதோ விரிந்தது, கர்வம் என்றே வைத்துக்கொள்ளலாம், கூச்சப்பட என்ன இருக்கிறது. இத்தனை ஆயிரம் பேர் இதைச் சூடாகச் சாப்பிட்டிருக்கிறார்கள், நான் மட்டும்தான் சாப்பிடவில்லை. வத்தக்குழம்பு இரண்டு பக்கமும் வந்து நடுவில் சேர்ந்தது, இந்தத் தடவை அவர் காத்திருக்கும்போது பயப்படவில்லை, எந்த வாளி முதலில் வரும் என்று பந்தயக் குதிரை பார்ப்பது போலப் பார்த்தார். பையன்கள் நடப்பதைப் பார்த்தார். இவர்கள் இப்படியா நடப்பார்கள். அவர் நின்று பார்க்கும்போது தோளைக் குறுக்கிக்கொண்டு, அடி விழப்போகிற நாய் மாதிரி ஒரு கண் பின்பக்கம் வைத்துக்கொண்டு நடப்பார்கள், அதனாலேயே சிந்தும், சிந்துவதாலேயே அவர் நின்று பார்ப்பார். எது முதல், எது பின். இந்தச் சுற்றில் எங்கேயோ ஒரு முனை இருந்திருக்க வேண்டும், அதைத் தேட அவருக்கு நேரம் இருந்ததில்லை. ரசம் வந்தது. ரசத்தோடு முகிலன் வந்தான். எதிர் வரிசையில், பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவரின் இலைக்கு ஊற்றினான், ஊற்றும்போதே வைத்தியலிங்கத்துக்குத் தெரிந்துவிட்டது, இலை நடு நரம்பில் கிழிந்திருந்தது. ரசம் சாதத்தைச் சுற்றி ஓடவில்லை, அடியில் இறங்கியது, விரிப்பில் பரவி மேஜை விளிம்புக்கு நகர்ந்தது, விளிம்புக்குக் கீழே பட்டு வேட்டி. இப்போது. இப்போது எழுந்தால் பிடித்துவிடலாம். ஓடிப்போய் வாளியை வாங்கி, அவனை நாலு வார்த்தை, பெரியவரிடம் பத்து மன்னிப்பு, மூன்று வரிசையும் திரும்பிப் பார்க்க. அவர் நாற்காலியின் அடியைப் பிடித்துக்கொண்டார், இரண்டு கையாலும், எச்சில் கை என்று பார்க்காமல். முகிலன் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்தான். வைத்தியலிங்கம் அந்தப் பார்வைக்குத் தயாராக இருந்தார், அதை அவருக்கு நன்றாகத் தெரியும், இத்தனை வருஷமும் எந்தப் பையன் எதைச் சிந்தினாலும் உடனே தன்னைத் தேடும் அந்தப் பயந்த கண்கள். முகிலனின் பார்வை அவரைத் தேடவில்லை. அவர் தலைக்கு மேலாகப் போனது. தாரணி தூண் பக்கத்தில் நின்றிருந்தாள், ஒரு விரலை மட்டும் அசைத்தாள், நீயே பார் என்பது மாதிரி. அவ்வளவுதான். முகிலன் தோளில் கிடந்த துணியை எடுத்து விளிம்பில் அணை மாதிரிப் போட்டான், ரசம் அதில் நின்றது. பக்கத்தில் வந்த பையனிடமிருந்து புது இலை ஒன்றை உருவி, பழைய இலையைச் சுருட்டி எடுத்து, புதியதை விரித்து, தண்ணீர் தெளித்து, கையைத் தூக்கி ஒரு சைகை காட்ட, பொரியலும் கூட்டும் சாதமும் அங்கேயே வரிசை கட்டி வந்துவிட்டன. "உங்களுக்கு மட்டும் ரெண்டு பந்தி தாத்தா, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றான். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். வேட்டியில் ஒரு சொட்டு இல்லை. பக்கத்து இலைக்காரர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை.

வைத்தியலிங்கம் நாற்காலியை விட்டுக் கைகளை எடுத்தார். அப்போதுதான் அந்தக் கல் பல்லில் பட்டது. நான் இல்லாமல் நடக்கிறது. பயந்தது இதற்குத்தான், கெட்டுப்போகும் என்பதற்கு அல்ல. கெட்டுப்போனால் ஓடிப்போய் நேராக்குவதற்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளாக இருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது. பிடுங்கிய ஒவ்வொரு வாளியோடும் நான் இன்னும் தேவைப்படுகிறேன் என்ற நினைப்பையும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படியா. அப்படித்தானா. பையன்களுக்காக என்று நினைத்துக்கொண்டது எல்லாம், போர்டு, போட்டோ, டிபன் கேரியர், வாளியை மட்டும் தவிர எல்லாவற்றையும் கொடுத்தேன். ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சினார், மிளகு மூக்குக்கு ஏறியது, கண்ணில் நீர் வந்தது, மிளகினால் வந்தது என்று வேலாயுதம் நினைத்துக்கொள்ளட்டும். கல்லைத் துப்பியாகிவிட்டது, இனி மெல்லலாம். விசித்திரமாக, வலிக்கவில்லை. வலிக்கும் என்று காத்திருந்த இடத்தில் வேறு ஏதோ ஏறி வந்தது. கூடம் முழுக்கச் சத்தம், நாதஸ்வரக்காரர்கள் வெளியே எதையோ முழக்கிக்கொண்டிருந்தார்கள், மூன்று வரிசையிலும் தலைகள் குனிந்து கைகள் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தன, இதில் எவன் கையையும் எந்தக் குறையும் நிறுத்தவில்லை, இது என் பந்தி. உட்கார்ந்துகொண்டே நடத்துகிறேன். இல்லை, நடத்தவில்லை. நடக்கிறது. என் பந்தி நடக்கிறது. அந்த நினைப்பைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக இனித்தது. பாயசம் வந்தபோது இன்னொரு கரண்டி கேட்டார். ஊற்றியவன் முதன்முதலாக அவர் முகத்தைப் பார்த்தான், சந்தேகமாக. நல்லாருக்கு, என்றார். வாயைத் திறந்தாயிற்று. சாப்பிடத் திறக்கலாம் என்றால் இதற்கும் திறக்கலாம். அந்தப் பையன் வாளியோடு திரும்பிப் போகும்போது யாரிடமோ ஏதோ சொன்னான், அது வாய்க்கு வாய் தாவி, தூண் வரைக்கும் போவது கண்ணுக்குத் தெரிந்தது. தாரணி இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டாள். மோர் இரண்டு பக்கமும் வந்து நடுவில் முடிந்தது.

எல்லோரும் எழுந்தபோது அவரும் எழுந்தார், அவசரமில்லாமல், பத்து முழங்காலும் விலகி வழி விட்ட பிறகு. கை கழுவும் இடத்தில் வேலாயுதம் பக்கத்துக் குழாயைத் திறந்தார். இத்தனை வருஷமாக உன் சாப்பாடு சாப்பிடுகிறேன், இன்றைக்குத்தான் யாரும் கத்தாமல் சாப்பிட்டேன், என்றார். அவருக்குப் பாராட்டும் குத்தலும் ஒரே குரலில்தான் வரும். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, என் சின்னவளுக்குத் தையில் கல்யாணம், ரெண்டு நாளும் நீதான் போட வேண்டும், தேதி இருக்கிறதா பார் என்றார். வைத்தியலிங்கத்தின் கை சட்டைப் பைக்குப் போனது, போனை எடுத்தது, தேதி தருவது எப்போதும் அவர்தான், மில்லுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மூச்சு விடாமல் சரி சொல்லிவிட்டு அப்புறம்தான் தேதியையே பார்ப்பார். போனை மறுபடி பைக்குள் போட்டார்.

"தாரணிகிட்ட கேளுங்கண்ணே. தேதி அவதான் குடுக்கணும்."

வேலாயுதம் அவரை ஒரு மாதிரி பார்த்தார். வார்த்தை வெளியே போனபிறகு அதன் கனம் தெரிந்தது, திரும்பக் கூப்பிட்டுவிடலாமா என்று ஒரு நொடி தோன்றி, அந்த நொடியும் போனது. தூண் பக்கம் ரெண்டாம் பந்தி உட்கார்ந்துகொண்டிருந்தது, புது இலைகள் விரிந்துகொண்டிருந்தன. வேலாயுதம் போய், கழுத்துச் சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, அவளிடம் ஏதோ சொன்னார். தாரணி அவரைப் பார்க்கக்கூட இல்லை. கண் இலை வரிசையிலேயே இருந்தது.

"பந்தி ஓடுது சார். முடிச்சிட்டு வரேன். அந்த ஓரமா நில்லுங்க."

மண்ணச்சநல்லூர் வேலாயுதத்தை ஓரமாக நிற்கச் சொல்கிறாள். வைத்தியலிங்கத்தின் கால்கள் சமாதானம் சொல்ல ஒரு அடி எடுத்து வைத்தன. வேலாயுதம் சங்கிலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, வைத்தியலிங்கம் தன் கண்ணாலேயே பார்த்தார், சரிம்மா, சரிம்மா, நீ பாரு என்று சொல்லிவிட்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, கை கழுவும் இடத்துக்கே திரும்பி வந்து சுவரோரம் நின்றார். வைத்தியலிங்கம் எடுத்த அடியைப் பின்னால் வைத்தார். அவரும் போய்ப் பக்கத்தில் நின்றார். இருவரும் சாப்பிட்ட வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டார்கள். உள்ளே உப்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாகும் என்று வேலாயுதம் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னார் வைத்தியலிங்கம், அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் பரவிய சிரிப்பை மறைக்க அவர் எந்த முயற்சியும் செய்யவில்லை.